அவளுக்கு வேண்டியது இரக்கமன்று

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நாம் அனைவரும் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த பழமொழி. கையெழுத்துப் பயிற்சி ஏட்டில் அதை எத்தனை முறை எழுதியிருப்போம்! ஆனால் தன் தவறு எதுவுமின்றி ஒரு சிறுமி அந்தச் செல்வத்தை இழந்துவிட்டால், அவளைச் சுற்றியிருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தப் பழமொழியும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே அதைக் கற்றுத் தந்தது. அதைப் பற்றி எழுத ஆண்டு மலரில் இடம் கேட்டோம். சிஸ்டர் அவர்களும் அன்புடன் இசைந்தார்கள்.

எங்கள் தோழி ஒருத்தி எட்டாம் வகுப்பில் படிக்கும்போது திடீரென்று மெலியத் தொடங்கினாள். எந்நேரமும் தண்ணீர் குடிப்பாள். இரண்டு பாடவேளைக்குள் பாட்டில் காலியாகிவிடும்; பக்கத்தில் இருப்பவளின் பாட்டிலையும் வாங்கிக் குடிப்பாள். ஒவ்வொரு பாடவேளையிலும் எழுந்து நின்று வெளியே போக அனுமதி கேட்பாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவளுக்குக் ‘குடம்’ என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் மூன்று வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை. டைபாய்டு என்றார்கள்; நம்பினோம். திரும்பி வந்தவள் முன்போல் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் மதிய உணவு மணி அடித்தவுடன் ஒரு சிறு பையை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் தனியே போய் வருவாள். ஏன் என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பாள். எங்களுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை. பள்ளிக் கோயிலில் திருப்பலி. நற்கருணை வாங்குமுன் எதுவும் உண்ணக் கூடாது என்று எண்ணி, அவள் காலை உணவை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். காலையில் போட வேண்டிய ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டிருக்கிறாள். இரண்டாம் பாடவேளையில் கணக்குத் தேர்வு. அவள் கை நடுங்குவதைப் பக்கத்தில் இருந்தவள் கண்டாள். தேர்வு பயம் என்று நினைத்தாள். ஆசிரியை கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிச் சிரித்தாள். திமிர் என்று நினைத்தோம். சற்று நேரத்தில் டெஸ்க்கின்மேல் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். பிறகு சரிந்து கீழே விழுந்தாள்.

அப்போது நாங்கள் செய்தவற்றை எண்ணினால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வலிப்பு என்று முடிவு செய்து, ஒருத்தி ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை வாங்கி வந்து அவள் கையில் திணித்தாள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி வாயில் தண்ணீரை ஊற்றப் போனாள். நோயாளர் அறையைக் கவனிக்கும் சிஸ்டர் ஓடி வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அவர்கள் ஒரு காலத்தில் நர்ஸாகப் பணியாற்றியவர்கள். அவள் உடல் வியர்வையில் நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார்கள். பெயர் சொல்லி அழைத்தார்கள். அவள் கண் திறந்து முனகினாள். விழுங்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டு, மடத்துச் சமையலறையிலிருந்து வந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, மெதுவாக வாய் வாயாகக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, “சிஸ்டர், என் பேப்பரை வாங்கிவிட்டார்களா?” என்று கேட்டாள். எங்களில் பலர் அப்போதுதான் அழத் தொடங்கினோம்.

அவளுடைய புத்தகப் பையில் குளுக்கோஸ் பிஸ்கட் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் இருந்தது. வகுப்பில் உண்ணக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறப் பயந்தும், ஏன் என்று கேட்டால் நோயைச் சொல்ல வேண்டி வருமே என்று கூசியும், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த உணவை அவள் எடுக்கவில்லை. இதை நாம் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். அன்று அவளை வீழ்த்தியது நோய் மட்டுமன்று. அதைப் பற்றிய மௌனமும்தான்.

அவளுக்கு இருப்பது முதல் வகை நீரிழிவு என்று அன்று மாலை தெரிந்துகொண்டோம். “சர்க்கரை வியாதியா? அது தாத்தா பாட்டிக்கு வருவதல்லவா?” என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. எங்களைப் போலவே வாசகர்களில் பலரும் கேட்கக்கூடும் என்பதால், பின்னர் நீதிபோதனை வகுப்பில் சிஸ்டர் விளக்கியதையும் நூலகத்தில் நாங்கள் படித்தறிந்ததையும் சுருக்கமாகக் கூறுகிறோம்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் சிறு தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869ஆம் ஆண்டு பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் கண்டு எழுதினார். அத்தீவுகளில் உள்ள பீட்டா செல்கள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. நாம் உண்ணும் சோறும் இட்லியும் குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் செல்ல வேண்டுமானால் கதவைத் திறக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியே இன்சுலின். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படை, ஏதோ ஒரு தவறால் தன் சொந்தப் பீட்டா செல்களையே பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. அதுவே முதல் வகை நீரிழிவு. சாவி இல்லாததால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது, சிறுநீரில் வெளியேறுகிறது, தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால்தான் அந்தத் தாகம். வயிறு நிறைய உண்டும் உடல் பட்டினி கிடக்கிறது. அதனால்தான் அந்த மெலிவு. ‘குடம்’ என்று நாங்கள் சிரித்தது எதைப் பார்த்து என்று இப்போது புரிகிறதா?

முதியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரக்கும். ஆனால் போதுமான அளவுக்கோ சரியாகவோ வேலை செய்யாது. உணவுக் கட்டுப்பாடும், நடைப்பயிற்சியும், மாத்திரையும் அதற்குப் பெரிதும் உதவுகின்றன. முதல் வகையில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. ஆகவே அதை ஊசி மூலமோ பம்ப் என்ற சிறு கருவி மூலமோ வெளியிலிருந்துதான் செலுத்தியாக வேண்டும். மாத்திரையாக விழுங்கினால் என்ன என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். இன்சுலின் ஒரு புரதம்; பருப்பைச் செரிப்பதுபோல் அதையும் வயிறு செரித்துவிடும் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

இந்த நோயைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் சில தவறான எண்ணங்களை இங்கே மறுத்தாக வேண்டும். மிட்டாய் அதிகம் தின்றதால் குழந்தைக்கு இந்நோய் வந்தது என்பது உண்மையன்று. தாய் கருவுற்றிருந்தபோது ஏதோ உண்டதால் வந்தது என்பதும் உண்மையன்று. இது ஒட்டுவாரொட்டி நோயன்று. பக்கத்தில் அமர்வதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ வராது. இன்சுலின் போட்டால் அது பழகிப்போய்விடும், ஆகவே நிறுத்திவிட வேண்டும் என்கிறார்கள். மூச்சுவிடுவது பழகிப்போய்விடும் என்று யாராவது மூச்சை நிறுத்துவார்களா? பாகற்காய்ச் சாறும், நாவற்கொட்டைப் பொடியும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வேறு பச்சிலைகளும் அழிந்த பீட்டா செல்லை மீட்பதில்லை. அவற்றை நம்பி ஊசியை நிறுத்தினால், சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். இரத்தத்தில் அமிலம் சேரும். வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த மூச்சிரைப்பும் வரும். சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகும். இதைப் பெற்றோர்கள் தயவு செய்து மனத்தில் இருத்த வேண்டும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், பழக்கம் நின்றுபோன பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தல், காரணமில்லாத மெலிவு, சோர்வு ஆகியவற்றைக் கண்டால் அன்றே ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்துவிட வேண்டும்.

100 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைக்கவில்லை. பட்டினி போட்டுச் சில மாதங்களோ, சில ஆண்டுகளோ சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. கனடா நாட்டின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில், மெக்லியாட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், பான்டிங் என்ற இளம் மருத்துவரும் பெஸ்ட் என்ற மாணவரும் 1921இல் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்ற வேதியியலர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவன் அந்த மருந்தால் முதன்முதலில் உயிர் பெற்றான். அம்மருந்தின் உரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டனர். 1923இல் நோபல் பரிசு கிடைத்தது. பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாள். நம் நாட்டில் அதே நாள் குழந்தைகள் தினமாகவும் அமைந்திருப்பது எத்தனை பொருத்தம்!

மாணவியராகிய நாம் மகிழ இன்னொரு செய்தியும் உண்டு. டாரத்தி ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1935இல் இன்சுலின் படிகத்தை எக்ஸ்-கதிர் கொண்டு படம் பிடித்தார். அதன் முழு வடிவத்தை அவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தது 1969இல். 34 ஆண்டுகள்! ஒரு கணக்கு வரவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் நோட்டை மூடிவிடும் நமக்கு இது ஒரு பாடமல்லவா?

ஆனால் நாங்கள் படித்தவற்றில் எங்கள் நெஞ்சைத் தொட்டவை இரண்டு பெண்களின் வாழ்க்கை. முதலாமவர் எலிசபெத் ஹ்யூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1922 ஆகஸ்டில் டொரான்டோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவருக்கு வயது 14, ஏறக்குறைய எங்கள் வயது. எடையோ சுமார் 20 கிலோ. நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் எடை! இன்சுலின் அவரைக் காத்தது. அவர் கல்லூரி சென்றார், மணம் புரிந்தார், தாயானார், 73 வயது வரை வாழ்ந்து 1981இல் மறைந்தார். ஆயினும் தமக்கு இந்நோய் இருப்பதை வாழ்நாளின் பெரும்பகுதி பிறரிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார்.

இரண்டாமவர் சோனியா சோட்டோமேயர். நியூயார்க் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்து, நம்மைப் போலவே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். 7 வயதில் இந்நோய் கண்டது. அந்த வயதிலேயே அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஊசியைச் சுத்தம் செய்து, தாமே போட்டுக்கொள்ளக் கற்றார். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஒரு முறை உணவு விடுதியின் குளியலறையில் அவர் ஊசி போட்டுக்கொள்வதைக் கண்ட ஒரு பெண், அவரைப் போதைக்கு அடிமையானவர் என்று பிறரிடம் சொல்லிவிட்டார். சோட்டோமேயர் ஒதுங்கிப் போகவில்லை. அந்தப் பெண்ணிடமே சென்று, இது தம் உயிர் காக்கும் மருந்து என்று எடுத்துரைத்து, தெரியாததைத் தவறாக எண்ணுவதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது என்றார். பின்னர் 2019இல் இதையே கருவாகக் கொண்டு குழந்தைகளுக்கு ஒரு புத்தகமும் எழுதினார்.

மறைத்தவரை நாங்கள் குறை கூறவில்லை. அவர் வாழ்ந்த காலம் வேறு. ஆனால் எங்கள் தோழி இவ்விருவரில் யாரைப் போல் வளர வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவள் கையில் மட்டும் இல்லை. அவளைச் சுற்றியுள்ள நம் எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

அவள் விழுந்த செய்தி கேட்டு அன்று ஓடி வந்த அவள் தாயார், சிஸ்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு, “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர், பொம்பளைப் பிள்ளை” என்று அழுதது எங்கள் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் நால்வர் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் தாயார் காப்பி கொடுத்துவிட்டு மீண்டும் அதையே சொன்னார். “நாளைக்கு நாலு இடத்துல இருந்து பொண்ணு கேட்டு வருவாங்க. இப்பவே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுட்டா என்னம்மா செய்யறது? நீங்களும் பொண்ணுங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எங்கள் தோழி தலை நிமிர்ந்து, “அம்மா, இவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு நான் கீழே விழுந்திருக்க மாட்டேன்” என்றாள். அவர் நெடுநேரம் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்து, வகுப்பில் எடுத்துச் சொல்லலாம் என்று சிஸ்டரிடம் இசைவு தந்தார். அந்தத் தாயின் துணிவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த அம்மாவின் அச்சம் வீண் அச்சமென்று சொல்லிவிட எங்களால் முடியாது. வீட்டுக்குள் ஒரு நோய் என்றால் ஊர் எப்படிப் பேசும் என்பதை நாங்களும் அறிவோம். பெண்ணுக்கு நோய் என்றால் ஒரு பேச்சு, ஆணுக்கு என்றால் வேறு பேச்சு என்பதையும் அறிவோம். ஆனால் ஊரின் பேச்சு ஆளைக் கொல்லாது; கவனிக்கப்படாத சர்க்கரைத் தாழ்வு கொல்லும். மேலும், ஊர் என்பது யார்? நாளைக்கு மருமகளைத் தேடப் போகும் தாய்மார்கள் இன்று இப்பள்ளியின் பெற்றோர்கள்தாமே? சரியாக இன்சுலின் போட்டு, மருத்துவர் சொற்படி நடக்கும் பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், மணம் புரியலாம், பிள்ளை பெறலாம். உண்மையைச் சொல்லி வரும் உறவே நிலைக்கும் உறவு என்பது எங்கள் கருத்து.

“சொன்னால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்யமாட்டார்களா?” என்று கேட்கலாம். ஒன்றும் தெரியாதபோதுதான் நாங்கள் கேலி செய்தோம் என்பதே எங்கள் விடை. தெரிந்த பிறகு ஒருத்தியும் செய்யவில்லை. ஆனால் வேறொரு தவறு செய்தோம், அதையும் ஒப்புக்கொள்கிறோம். தெரிந்த புதிதில் அளவுக்கு மீறி இரக்கப்பட்டோம். பிறந்தநாள் மிட்டாய்த் தட்டு அவள் இருக்கைக்கு வந்தவுடன் அடுத்தவளிடம் தாண்டிப் போகும். டிபனில் கேசரி இருந்தால் மூடி மறைத்துக்கொள்வோம். விளையாட்டு வேளையில், “நீ உட்கார், எங்கள் பைகளைப் பார்த்துக்கொள்” என்போம். ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல், “நோய்கூட எனக்கு இவ்வளவு கஷ்டம் கொடுக்கவில்லை, உங்கள் பாவப்படுதல்தான் கொடுக்கிறது” என்றாள். அவள் எதை, எவ்வளவு உண்ணலாம் என்பதை அவளும் அவள் மருத்துவரும் அறிவார்கள். அளவறிந்து, அதற்கேற்ப இன்சுலினைச் சரிசெய்து, ஒரு மிட்டாய் தின்பது அவளுக்கும் இயலும். ஆகவே தட்டை நீட்டுவது நம் கடமை. எடுப்பதும் எடுக்காததும் அவள் உரிமை. விளையாட்டும் அப்படியே. பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமுக்கு இந்நோய் இருப்பது 1997இல் தெரிந்தது. அதன் பின்னும் அவர் 2003 வரை உலகத் தரத்தில் பந்து வீசினாரல்லவா? எங்கள் தோழிக்கு த்ரோபால் ஆட மட்டும் என்ன தடை? ஆடுமுன் சர்க்கரையைச் சோதித்து, தேவையானால் சிறிது உண்ண வேண்டும், அவ்வளவே.

அவள் ஒரு நாளைக்கு 4 ஊசி போட்டுக்கொள்கிறாள். ஆண்டுக்கு 1,460 ஊசி. விரல் நுனியில் குத்திச் சோதிப்பது தனி. தடுப்பூசி நாளன்று மேசைக்கடியில் ஒளிந்த எங்களைவிட அவள் எவ்வளவு பெரியவள்! இத்தகையவளுக்கு எதற்கு நம் இரக்கம்? அவளுக்கு வேண்டியது நம் அறிவும், நம் விதிகளில் சிறிது நெகிழ்வுமே.

எனவே சில வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, இந்நோயுள்ள மாணவி எந்த வகுப்பிலும், தேர்வு அறையிலும், அனுமதி கேளாமலே உண்ணவும் தண்ணீர் குடிக்கவும் வெளியே சென்று வரவும் விதி இடம் தர வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இலேயே இத்தகைய மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வு அறைக்குள் கொண்டுசெல்ல அனுமதித்தது. குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையமும் 2023இல், வகுப்பறையில் சோதித்துக்கொள்ளவும் ஊசி போடவும் உண்ணவும் பள்ளிகள் இடம் தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. பொதுத் தேர்வு எழுதவிருக்கும் எங்கள் தோழிக்காகப் பள்ளி நிர்வாகம் முன்கூட்டியே உரியவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டுகிறோம்.

இரண்டாவதாக, ஊசி போட அவளுக்குத் தூய்மையான ஓர் இடம் வேண்டும். குளியலறை மருந்தெடுக்கும் இடமன்று. நோயாளர் அறையில் ஒரு நாற்காலியும், இன்சுலின் வைக்கக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மூலையும் போதும். அந்தப் பெட்டியின் உறைபனி அறையில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வகுப்பறையிலும் ஆசிரியை மேசையில் சர்க்கரை நிரப்பிய சிறு டப்பா ஒன்று இருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, வெளுத்த முகம், திடீர்ப் பசி, எரிச்சல், குழறல் ஆகியவை இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் தாழ்வதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அந்நிலையில் அவளைத் தனியே எங்கும் அனுப்பக் கூடாது. இன்சுலினும் போடக் கூடாது. நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். சாவிக்கொத்து உதவாது.

நான்காவதாக, நோன்பு பற்றி ஒரு வார்த்தை. நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக உண்ணாதிருப்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆனால் தண்ணீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை என்றும், நோயுற்றோர் அந்த ஒரு மணி நேரத்திற்குள் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்றும் திருச்சபைச் சட்டமே கூறுகிறது. எங்கள் தோழிக்கு இது தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தவக்காலம் தொடங்குமுன் மறைக்கல்வி வகுப்பில் இதை எல்லா மாணவியருக்கும் எடுத்துச் சொன்னால் நன்று. இறைவன் நம்மிடம் கேட்பது அன்பை, மயங்கி விழுவதையன்று.

இறுதியாக ஒன்று. இக்கட்டுரையை எங்கள் தோழி அச்சுக்குப் போகுமுன் படித்தாள். பெயரைப் போட வேண்டாம் என்பது எங்கள் முடிவு. தன் நோயை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவள் உரிமை என்று எண்ணினோம். அவளோ, “போட்டால் என்ன? எனக்கொன்றும் வெட்கமில்லை” என்கிறாள். ஓர் ஆண்டுக்கு முன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கப் பயந்தவள்தான் இதைச் சொல்கிறாள்!

எங்கள் வகுப்பு மேசையில் இப்போது ஒரு சர்க்கரை டப்பா இருக்கிறது. வாரத்துக்கு ஒருத்தி அதைப் பார்த்து நிரப்பி வைக்கிறோம். அடுத்த ஆண்டு நாங்கள் இந்த அறையை விட்டுப் போய்விடுவோம். இவ்வறைக்கு வரப்போகும் தங்கைகளே! டப்பாவை எறும்பு மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நடுவிலும் ஒருத்தி அடிக்கடி தண்ணீர் கேட்டால், சிரிக்காதீர்கள். ஏன் என்று அன்புடன் கேளுங்கள். சகோதர அன்பு அங்கேதான் தொடங்குகிறது.